சிவனொளிபாத மலைக்குப் போகும் எங்கள் குடும்பக் குழு: மூச்சுக் கணக்கு

புதன்கிழமை

அம்மா, மாலை 6:38
பிள்ளைகளே, அடுத்த வெள்ளி மலையேறத் தொடங்கும் நல்லதண்ணிக்கு நானும் வருகிறேன். ஆனால் போன சீசனில் வழியில் சீதகங்குலை ஓடையைத் தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்து உட்கார்ந்துவிட்டேனே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தம்பி, 6:41
பயப்படாதீங்க அம்மா. நன்றாக மூச்சை இழுத்து இழுத்து ஏறினால் போதும்.

அக்கா, 6:50
அம்மா, முதலில் நாளைக்கே கிளினிக்குக்குப் போய் பிரஷர் பார்த்து, ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொண்டு வாருங்கள். டாக்டர் சரி என்று சொன்னால்தான் படி ஏறுவது. படபடப்பை மூச்சுப்பயிற்சியால் சமாளித்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

தம்பி, நீ சொன்னதில் ஒரு பிசகு இருக்கிறது. மூச்சு வாங்கும்போது எல்லாரும் இன்னும் இன்னும் இழுக்கத்தான் பார்க்கிறோம். உள்ளே பழைய காற்று பாதி நின்றுவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் எங்கே? வெளியே விடுவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நான் பிசியோதெரபி வார்டில் ஒவ்வொரு நாளும் சொல்வது இதைத்தான்.

வெள்ளவத்தை மாமா, 6:58
மகள், மேலே ஆக்சிஜன் குறைவு என்கிறார்களே. கடற்கரையில் இருக்கிற எனக்கு என்ன ஆகும்?

அக்கா, 7:06
காற்றில் ஆக்சிஜனின் பங்கு மேலேயும் அதே 21 சதவீதம்தான் மாமா. குறைவது அழுத்தம். உச்சி 2243 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் குறையும். அதோடு நல்லதண்ணியிலிருந்து 5000க்கும் மேலே படி. கொழும்பிலிருந்து வந்த அன்றைக்கே ஏற வேண்டாம், ஒரு நாள் முன்னாலேயே வந்து அட்டனில் எங்கள் வீட்டில் தங்குங்கள்.

அம்மா, 7:09
விடுவதை எப்படிக் கவனிப்பது என்று சொல்லு மகள்.

அக்கா, 7:21
படிக்கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. இரண்டு படிக்கு மூக்கால் இழுங்கள், மூன்று படிக்கு வாயால் விடுங்கள். உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுவது போல, ஆனால் மெதுவாக. செங்குத்தான இடத்தில் ஒரு படிக்கு இழுத்து இரண்டு படிக்கு விட்டால் போதும். கணக்கு தப்பினால் பரவாயில்லை, விடுவது நீளமாக இருக்கட்டும்.

ஏறும்போது ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லோடு நிற்க வேண்டி வந்தால் உடனே நின்று, முழங்காலில் கையை ஊன்றிக் கொஞ்சம் குனிந்து, அதே மாதிரி ஊதி விடுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அதற்கு மேல் ஒரு படியும் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

அம்மா, 7:30
இது நமக்குத் தெரிந்ததுதானே! கொழுந்துக் கூடையோடு மேட்டு மலையில் ஏறும்போது நாங்கள் எல்லாரும் ‘உஸ்ஸ்’ என்று ஊதிக்கொண்டுதான் ஏறுவோம். வாயை மூடிக்கொண்டு தம் பிடித்து ஏறின பிள்ளைகளுக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வரும். யாரும் சொல்லித்தரவில்லை, முன்னால் போகிறவரைப் பார்த்துப் பழகினது.

அக்கா, 7:34
அம்மா, இதை நான் வார்டில் சொல்லப்போகிறேன். சுமையோடு மூச்சை அடைத்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், பிரஷரும் சட்டென்று எகிறும். பாரம் தூக்குகிற கணத்தில் மூச்சை விட வேண்டும் என்று ஜிம்மில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். நீங்கள் முப்பது வருடம் செய்திருக்கிறீர்கள்.

அப்பா, 7:40
எனக்கு?

அக்கா, 7:52
அப்பா, உங்களுக்கு இது இன்னும் முக்கியம். வீசிங் வரும்போது சிறு காற்றுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்கிறது. உதட்டைக் குவித்து ஊதினால் வாயில் உண்டாகிற அழுத்தம் குழாயைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும், மாட்டின காற்று வெளியே வரும். ஸ்டோரில் தேயிலைத் தூசிக்குள் வேலை பார்த்த உங்கள் நெஞ்சுக்கு இது ஒரு கைப்பிடி. ஆனால் இன்ஹேலருக்குப் பதில் இல்லை. இரண்டும் வேண்டும்.

இரவில் தூக்கம் வராமல் புரளுகிறீர்கள் என்று அம்மா சொன்னார். படுத்து வயிற்றில் கை வையுங்கள். நாலு எண்ணி இழுங்கள், வயிறு உயர வேண்டும், தோள் அல்ல. ஆறு எண்ணி விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 செக்கன், நிமிடத்துக்கு 6. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் விடுவது 12 முதல் 20 வரை. மூச்சை விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும், அதை ஆற்றுகிற நரம்பு அப்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. விடுவதை நீட்டினால் உடம்பு அடங்குவது அதனால்தான்.

சின்னம்மா, 8:03
மகள், எங்கள் சின்னவளுக்கு ஓ.எல். பரீட்சை வருகிறது. பேப்பரைப் பார்த்ததும் கை விறைத்து, விரலெல்லாம் எறும்பு ஊர்கிறதாம்.

அக்கா, 8:10
பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறாள் போல, சின்னம்மா. அப்படி விட்டால் கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கும். தலைசுற்றலும் விரல் கூச்சமும் அதனால்தான். பேப்பரைப் புரட்டுமுன் நாலு இழுத்து, நாலு நிறுத்தி, நாலு விட்டு, நாலு சும்மா இருக்கச் சொல்லுங்கள். நாலைந்து முறை போதும். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் செய்யக்கூடாது, இன்றைக்கே தொடங்கட்டும். திரும்பத் திரும்ப வந்தால் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தம்பி, 8:14
நானும் தம் பிடித்துப் பழகுகிறேன் அக்கா. ஆற்றில் குதிக்கும் முன் இருபது முறை வேகமாக ஊதிவிட்டு மூழ்கினால் ரொம்ப நேரம் இருக்க முடிகிறது.

அக்கா, 8:15
அதை இன்றோடு விடு. கோபமாகத்தான் சொல்கிறேன். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமிலவாயுதான். அதை ஊதித் தள்ளிவிட்டு மூழ்கினால், ஆக்சிஜன் தீர்ந்தாலும் முட்டல் வராது, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

தம்பி, 8:19
சரி அக்கா. இனிச் செய்யமாட்டேன்.

வியாழக்கிழமை

அம்மா, காலை 11:25
கிளினிக்குக்குப் போய் வந்தேன். ஈ.சி.ஜி. நல்லது, பிரஷர் கொஞ்சம் கூட, மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னார். மெதுவாக ஏறலாமாம். வரும் வழியில் கோயில் படியில் இரண்டு இழுத்து மூன்று விட்டுப் பார்த்தேன். நடுவில் உட்காரவில்லை.

அக்கா, 11:31
அந்தப் படியை வெள்ளி வரைக்கும் தினமும் ஒரு தரம் ஏறுங்கள் அம்மா. நான் வரும்போது உங்களோடு ஏறுகிறேன்.

அப்பா, 11:40
நானும் படுத்து எண்ணினேன். பதினெட்டாவது மூச்சு வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தாகிவிட்டது.

அம்மா, 11:42
எத்தனை நாளைக்குப் பிறகு!

அக்கா, 11:44
அப்பா, பயணப் பையில் இன்ஹேலரை அடியில் போட்டுவிடாதீர்கள். சட்டைப் பையில் வையுங்கள்.