48 பேர் நின்ற அலாஸ்கா இடைத்தேர்தல்: சந்தை விலையை வெற்றி வாய்ப்பாகப் படிக்கலாமா?

தராசுமுள்:
பலமுனைப் போட்டி என்றால் உடனே கணிப்புச் சந்தை விலையை எடுத்து, "இவருக்கு 34 சதவீதம், அவருக்கு 22 சதவீதம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது வாய்ப்பு அல்ல, வெறும் விலை. அந்தச் சந்தையில் ஒரு வேட்பாளர் மேல் 'ஆம்' வாங்கியவருக்கு அவர் ஜெயித்தால் 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை; 'இல்லை' வாங்கியவருக்குத் தலைகீழ்.

2022 அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 49 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் அந்த மாநிலத்தின் ஒரே உறுப்பினராக இருந்த டான் யங் மார்ச்சில் இறந்தார். ஜூன் 11-இல் நடந்த முதல்நிலைத் தேர்தலில் 48 பேர் நின்றார்கள். கட்சி பேதமில்லாமல் முதல் நான்கு பேர் மேலே போவார்கள். ஆகஸ்ட் 16-இல் தரவரிசை வாக்கு: வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்; யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவர் நீங்கி, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

இப்படி ஒரு பட்டியலை பிரெடிக்ட்இட் என்ற கணிப்புச் சந்தைத் தளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? அங்கே மிகக் குறைந்த விலை 1 சென்ட். அதற்குக் கீழே விலை இறங்க இடமே இல்லை. ஜெயிக்க வழியே இல்லாத 15 பேர் ஆளுக்கு 1 சென்டில் நின்றால், அந்த 15 சென்டும் காற்றில் வந்த "வாய்ப்பு".

சில்லறைக்கணக்கு:
அதற்காகச் சந்தையையே தள்ளிவைக்க வேண்டாமே. எல்லா 'ஆம்' விலைகளையும் கூட்டி, ஒவ்வொன்றையும் அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். கூட்டுத்தொகை 110 என்றால் 60 சென்ட் 54.5 ஆகிவிடும். தவிர, கூட்டுத்தொகை ரொம்ப ஏறினால் யாராவது எல்லாப் பெயர் மேலும் 'இல்லை' வாங்கி லாபம் பார்ப்பார்கள். அந்த வியாபாரமே விலையைக் கீழே இழுத்துவிடும். பிரெடிக்ட்இட்டில் இதற்கு முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை. ஒரே சந்தையில் ஒருவர்தான் ஜெயிக்க முடியும் என்பதால், ஆக மோசமான நஷ்டத்துக்கு மட்டும்தான் பணத்தைப் பிடித்துவைப்பார்கள்.

தராசுமுள்:
லாபம் பார்ப்பார்களா? கணக்கைப் போட்டுவிடுவோம். ஐந்து பேர்; 'ஆம்' விலை 60, 25, 12, 8, 5. மொத்தம் 110. 'இல்லை' விலைகள் 40, 75, 88, 92, 95, மொத்தம் 390. யார் ஜெயித்தாலும் நான்கு 'இல்லை'கள் பலிக்கும். 400 சென்ட் கையில் வரும். 10 சென்ட் லாபம் போலத் தெரிகிறது.

ஆனால் அந்தத் தளம் அன்று லாபத்தில் 10 சதவீதம் எடுத்தது, அதுவும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியாக. நஷ்டத்தைக் கழித்துவிட்டு எடுக்கவில்லை. 60-இல் இருந்தவர் ஜெயித்தால் மற்ற நான்கில் லாபம் 50, கட்டணம் 5, நஷ்டம் 40. மிச்சம் 5 சென்ட். 5-இல் இருந்தவர் ஜெயித்தாலோ லாபம் 105, கட்டணம் 10.5, நஷ்டம் 95. அரை சென்ட் கைவிட்டுப் போகிறது. அதாவது 110 வரைக்கும் யாருமே துணிந்து இறங்க மாட்டார்கள்.

100-க்கு மேலிருக்கும் கூடுதல் எல்லாப் பெயரிலும் விலைக்கேற்ற விகிதத்தில் ஒட்டியிருந்தால் உங்கள் வகுத்தல் செல்லும். ஆனால் அது அடிமட்டப் பெயர்களில்தான் தேங்கும். 3 சென்ட் ஆளுக்கு எதிராக 97 கொடுத்து 'இல்லை' வாங்கினால், ஜெயித்தபின் கையில் 99.7. பணத்தை வெளியே எடுக்க இன்னொரு 5 சதவீதம் போக 94.7. சரியாகக் கணித்தும் நஷ்டம்! அப்படியிருக்க அந்த 3 சென்டை யார் திருத்துவார்?

சில்லறைக்கணக்கு:
அந்த 5 சதவீதத்தை ஒரே வியாபாரத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நூறு முறை வாங்கி விற்றாலும் வெளியே எடுக்கும்போது ஒரே தடவைதான். 10 சதவீதக் கட்டணக் கணக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது அந்தத் தளத்தின் குறை, சந்தை என்ற முறையின் குறை இல்லை. 1988-இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழகச் சந்தையைப் பாருங்கள். 1 டாலர் கொடுத்தால் எல்லா வேட்பாளர்களிலும் ஒவ்வொன்று சேர்ந்த கட்டு கிடைக்கும். விலை ஏறிக் கிடப்பதைக் கட்டிலிருந்து பிரித்து விற்றுவிடலாம். வாங்க விற்கக் கட்டணமும் கிடையாது. அதனால் கூட்டுத்தொகை 1 டாலரை ஒட்டியே நிற்கும்.

தராசுமுள்:
அங்கே ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 500 டாலர். பிரெடிக்ட்இட்டில் அன்று ஓர் ஒப்பந்தத்துக்கு ஆளுக்கு 850 டாலர், மொத்தம் 5,000 பேர்தான். வரம்பு நிறைந்துவிட்டால் விஷயம் தெரிந்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

கடைசிச்சுற்று:
இரண்டு பேரும் கட்டணத்திலேயே நிற்கிறீர்கள். அலாஸ்காவில் உண்மையான சிக்கல் வாக்கு கைமாறுவதில் இருந்தது. சீட்டில் அச்சிடாமல் வாக்காளர்கள் கையால் எழுதிப்போட்ட பெயர்களை நீக்கியபின் முதல் விருப்பம் இப்படி: ஜனநாயகக் கட்சியின் பெல்டோலா 75,799, பேலின் 58,973, பெகிச் 53,810. பெகிச் வெளியேறினார். அவரும் பேலினும் குடியரசுக் கட்சி. பேலின் ஜெயிக்க இடைவெளி 16,826-ஐ நிரப்ப வேண்டும். பெகிச்சுக்குப் போட்டவர்களில் 11,290 பேர் செல்லும்படியான அடுத்த விருப்பம் குறிக்கவில்லை. மீதி 42,520-இல் பேலினுக்கு ஏறக்குறைய 70 சதவீதம் தேவை. கிடைத்தது 27,053, அதாவது 63.6 சதவீதம். பெல்டோலாவுக்கு 15,467. முடிவு 91,266-க்கு 86,026.

ஆக விலை போட இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை பேர் இரண்டாம் விருப்பத்தைக் காலியாக விடுவார்கள், மீதிப் பேர் எப்படிப் பிரிவார்கள். இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களின் வாக்கையும் அப்படியே கூட்டி 60 சதவீதம் என்று விலை போட்டவர் இரண்டிலும் சறுக்குவார்.

சில்லறைக்கணக்கு:
என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். முதல் விருப்பத்தை மட்டும் கேட்கும் கருத்துக்கணிப்பு இந்த இரண்டு எண்களையும் தராது. நேருக்கு நேர் கணிப்பும் உதவாது: பின்னால் வெளியான வாக்குச்சீட்டுப் பதிவுகளின்படி பெகிச் மற்ற இருவரையும் தனித்தனியே வென்றிருப்பார், ஆனாலும் முதலில் போனது அவர்தான். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகத் திரட்டச் சந்தைக்குத்தான் முடியும். வாக்குப்பதிவு முடிந்து 15 நாள் முதல் விருப்பம் மட்டுமே வெளிவந்தது, ஆகஸ்ட் 31-இல்தான் கைமாற்றம். அந்த 15 நாளில் வேறு எந்தக் கருவி புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கும்?

தராசுமுள்:
திரட்டுவதற்குத் தகவல் இருக்க வேண்டுமே. அந்த மாநில அரசு நடத்தும் தேர்தலில் தரவரிசை வாக்கு நடந்ததே அதுதான் முதல் தடவை. எத்தனை பேர் காலியாக விடுவார்கள் என்பதற்கு அப்படிப்பட்ட தேர்தலில் உள்ளூர்ப் பழைய கணக்கு ஒன்றுமில்லை. ஊகங்களைக் கூட்டினால் சராசரி ஊகம் வரும். 40 சென்ட் என்ற அந்த எண்ணைச் சுற்றிப் பிழை எவ்வளவு என்று விலைப்பலகையில் எங்கும் எழுதியிருக்காது. கருத்துக்கணிப்பாவது அதை அச்சிடுகிறது.

கடைசிச்சுற்று:
இன்னொன்று, ஒப்பந்த வாசகம். நான்கு பேர் மேலே போகும் சுற்றுக்கு "யார் மேலே போவார்" என்று சந்தை வைத்தால் கூட்டுத்தொகை 400 வர வேண்டும். கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆக்கினால் எல்லாம் குழம்பும். அப்புறம், மூன்றாவதாக வந்த ஆல் கிராஸ் விலகிவிட்டார். ஐந்தாவதாக வந்த தாரா ஸ்வீனியை மேலே ஏற்றலாமா என்று வழக்கு. விலகலுக்கும் தேர்தலுக்கும் நடுவே 64 நாள் இல்லை, ஏற்ற முடியாது என்பதை மாநில உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. வாசகம் "முதல் நான்கு இடத்தில் வருவார்" என்றிருந்தால் கிராஸுக்குப் பணம் உண்டு. "இறுதி வாக்குச்சீட்டில் பெயர் இருக்கும்" என்றிருந்தால் இல்லை. விலையைப் பார்க்கும் முன் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

சில்லறைக்கணக்கு:
இதில் மறுப்பில்லை. ஒரே பெயருக்கு இரண்டு தளத்தில் இரண்டு விலை இருந்தால் நான் முதலில் வாசகத்தைத்தான் ஒப்பிடுவேன், அப்புறம் கட்டணம். ஆனால் இவ்வளவும் கழித்தபின் மிஞ்சும் விலையை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது, தராசுமுள்?

தராசுமுள்:
வாங்குவோர் விலையையும் விற்போர் விலையையும் சேர்த்துப் பாருங்கள். 31-க்கும் 38-க்கும் நடுவே 7 சென்ட் காலியாகக் கிடந்தால், கடைசியாகக் கைமாறிய 34-ஐ எழுதாமல் "31 முதல் 38" என்று எழுதுங்கள். ஒவ்வொரு விலையிலும் எத்தனை பங்கு காத்திருக்கிறது என்பதையும் கூடவே போடுங்கள். 38-இல் 40 பங்குதான் என்றால் 16 டாலருக்குள் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் நகர்த்திவிடலாம்.