பிரீடிரயல் என்பதற்குத் தமிழ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செவ்வாய் காலை, திருச்சியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசரம். ஒருவர் கைதான நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை அவருக்காக ஓடுகிறவர்கள் இருக்கிறார்களே, சட்ட உதவி வழக்கறிஞர், சட்டத் தன்னார்வலர், சிறை நல அலுவலர், நன்னடத்தை அலுவலர், இவர்கள் எல்லாருக்குமாக ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் எழுதி முடித்திருக்கிறோம். எழுதிய வழக்கறிஞர்கள் காசு வாங்கவில்லை. ஆனால் அச்சுக்கும், மாவட்டத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கும் பணம் வேண்டும். ஓர் அறக்கட்டளையிடம் விண்ணப்பிக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை கடைசி. திட்டத்தின் பெயரைத் தமிழிலும் கேட்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘பிரீடிரயல் ஜஸ்டிஸ் புரொஃபஷனல்ஸ்’. பிரீடிரயல் என்றால் கோர்ட்டில் டிரயல் தொடங்குவதற்கு முந்தைய கட்டம். என் வரைவில் ‘விசாரணைக்கு முந்தைய நீதித்துறை வல்லுநர்கள்’ என்று போட்டிருக்கிறேன். வாசித்துப் பார்த்தால் எனக்கே யாரைச் சொல்கிறேன் என்று விளங்கவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

செவ்வாய் மதியம், மதுரையிலிருந்து (வழக்கறிஞர்)

கோளாறு ‘விசாரணை’யில்தான் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிப் போலீஸ் கூப்பிடுவதும் விசாரணை. கோர்ட்டில் சாட்சி கூண்டில் ஏறுவதும் விசாரணை. சட்டம் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. போலீஸ் செய்வது புலனாய்வு. டிரயல் அல்லாமல் நடுவரோ (மாஜிஸ்திரேட்) நீதிமன்றமோ நடத்துவது விசாரணை. மூன்றாவது டிரயல், குற்றச்சாட்டின் மேல் சாட்சியம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. இந்த மூன்றாவதற்குச் சட்டத்திலேயே வரையறை கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. தமிழில் நாம் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். பேச்சில் முதலாவதையும் சேர்த்துக்கொண்டோம்.

அதனால் ‘விசாரணைக்கு முந்தைய’ என்றால் ஒரு தன்னார்வலர் ‘போலீஸ் கூப்பிடுவதற்கு முன்னால்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். கைதான 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதிலிருந்து தொடங்கும் ஒரு கையேட்டுக்கு இது நேர் எதிரான பெயர்.

செவ்வாய் இரவு, பாளையங்கோட்டையிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

விசாரணை வடசொல் என்பதை யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சொல் இல்லாமலா அதை வாங்கினோம்? குறள் 541-ஐப் பாருங்கள்: ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்று தொடங்கி ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்று முடிகிறது. வழக்கை ஆராய்வது ஓர்தல். முடிவுக்கு வருவது தேர்தல். தேர்தலை வாக்குப்பெட்டி கொண்டுபோய்விட்டது, தேர்வைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டது. ஓர்தல் இன்னும் யாரிடமும் போகாமல் நமக்காகக் காத்திருக்கிறது. டிரயல் = ஓர்வு. பிரீடிரயல் = முன்னோர்வு. ஈரடியில் ஒரு துறையே அடங்கிவிடும்.

புதன் காலை, திருச்சியிலிருந்து

ஐயா, ஓர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தனிக்குறில் முன் ஒற்று இரட்டிப்பதால் ‘முன்னோர்வு நீதி’ என்று வருகிறது. எங்கள் அலுவலகத்தில் நான்கு பேரிடம் காட்டினேன். மூன்று பேர் ‘முன்னோர் நீதி’ என்று வாசித்தார்கள்.

புதன் காலை, யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இலங்கைச் சட்டத் தமிழில் டிரயல் என்பது விளக்கம். நீதிபதி வழக்கை விளங்குவார். வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்படும். ரிமாண்ட் என்பது விளக்கமறியல். ‘சந்தேகநபரை 14 நாட்கள் விளக்கமறியலில் வைக்க நீதவான் உத்தரவு’ என்று எந்தப் பத்திரிகையிலும் பார்க்கலாம் (நீதவான் என்பவர் உங்கள் நடுவர்). படிக்காத தாயும் ‘என்ர பிள்ளை விளக்கமறியலில்’ என்றுதான் சொல்லுவா. ஓர்வைப் போலப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. புழக்கத்தில் இருக்கிற சொல். ‘விளக்கத்துக்கு முந்தைய’ என்று எழுதிவிட்டால் விசாரணைக் குழப்பம் ஒரேயடியாகப் போய்விடும்.

புதன் மதியம், மதுரையிலிருந்து

விளக்கமறியல் மிக நல்ல சொல், எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. ஆனால் இங்கே விளக்கம் என்றால் விளக்கிச் சொல்வது. மறியல் என்றால் பஸ்ஸை நிறுத்திச் சாலையில் உட்காருவது. ‘விளக்கமறியல்’ என்று மதுரையில் சொன்னால் கோரிக்கை விளக்கப் போராட்டம் என்று நினைப்பார்கள்.

புதன் மாலை, பாளையங்கோட்டையிலிருந்து

மறியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மறித்தல் தடுத்தல், அதிலிருந்து அங்கே தடுத்து வைக்கும் சிறை, இங்கே தடுத்து நிற்கும் போராட்டம். வேர் ஒன்று, கிளை இரண்டு. ஆனால் மறிக்கு இன்னொரு பொருளும் உண்டு. தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்களில் மறி வருகிறது, ஆட்டுக்கும் மானுக்கும். அதே இயலில் பெண்மைப் பெயர்களில் பிணை வருகிறது, பெண்மான். தாய் பிணை, குட்டி மறி. ரிமாண்டுக்கு மறியல், பெயிலுக்குப் பிணை! சட்டமொழி தாயையும் குட்டியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. கட்டுகிற பிணையும் மானாகிய பிணையும் ஒரே வேரா என்று நாற்பது வருடமாக யோசித்து வருகிறேன். இணைபிரியாமல் துணையோடு திரிவதால் பிணை என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

புதன் இரவு, கீழக்கரையிலிருந்து

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு சான்று. வேர் ஒன்றா என்பதற்கு அல்ல, பிணை என்ற சொல்லுக்கு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்றே ஒரு படலம் இருக்கிறது. வேடன் ஒரு பெண்மானைப் பிடித்துக் கட்டிவிடுகிறான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அது நபிகளிடம் மன்றாடுகிறது. ‘நான் பிணை’ என்று நபிகள் வேடனிடம் நிற்கிறார்கள். மான் போய், குட்டியோடு திரும்பி வருகிறது.

இங்கே பணம் இல்லை, சொத்துப் பத்திரம் இல்லை. ஒரு மனிதர் வந்து நிற்கிறார், அதுதான் பிணை. ஜாமீன் என்ற சொல்லும் அப்படித்தான். அது நிலத்தைக் குறிக்கும் ஜமீனிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அரபியில் ‘ளாமின்’, ரமளானில் வரும் அதே எழுத்து. பொறுப்பேற்கும் ஆள் என்று பொருள். அரபுச் சொல் கையெட்டும் தூரத்தில் இருந்தும் 17ஆம் நூற்றாண்டுப் புலவர் பிணை என்று பாடினார். ஆகவே தூய தமிழா பேச்சுவழக்கா என்ற சண்டையே இந்தச் சொல்லுக்கு வேண்டாம். அந்தக் கட்டம் முழுவதற்கும் ‘பிணைநிலை’ என்று பெயர் வைத்தால் என்ன? பிணைநிலைப் பணியாளர், பிணைநிலைக் கைதி.

வியாழன் காலை, விருதுநகரிலிருந்து (சட்டத் தன்னார்வலர்)

வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்தக் கையேடு என் மாதிரி ஆட்களுக்காக என்பதால் எழுதுகிறேன்.

‘பிணைநிலைக் கைதி’ வேண்டாம். பிணைக்கைதி என்றால் விமானத்தைக் கடத்தி வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்கள். எங்கள் கோர்ட் வாசலில் யாரும் பிணை என்றும் சொல்வதில்லை. ஜாமீன் என்பார்கள், ஷூரிட்டி என்பார்கள். போன மாதம் ஓர் அம்மா வந்தார். மகனுக்கு ஜாமீன் கிடைத்துப் பதினோரு நாள். ‘ரெண்டு ஷூரிட்டி கேக்குறாங்க, அது எந்தக் கடையில விக்கும்’ என்று கேட்டார். ஷூரிட்டி என்றால் ஆள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் பிணையாள் கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு, அவரே எழுதிக்கொடுக்கும் சொந்தப் பத்திரத்தில் விடலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அது சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பையன் வழக்கு அந்த வகைதான். எனக்கே அது அன்றைக்குத் தெரியாது. யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. வழக்கறிஞர் ஐயா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதனால் சொல் எதுவானாலும் சரி, அந்த அம்மாவிடம் சொன்னால் புரிய வேண்டும். அப்புறம் ‘வல்லுநர்’ வேண்டாம். சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் தண்டனைக் கைதிகளும் தன்னார்வலர்களாக மனு எழுதித் தருகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்கிற பெயராக இருக்கட்டும்.

வியாழன் காலை, திருச்சியிலிருந்து

அக்கா, நீங்கள் முன்பே எழுதியிருக்க வேண்டும். வல்லுநரை எடுத்துவிட்டேன், பணியாளர் என்று மாற்றிவிட்டேன். வரைவில் இருந்த ‘பயிற்சிக் கருவிகள்’ என்பதும் ஸ்பேனர், சுத்தியல் போல ஒலித்தது. பயிற்சி நூல்கள் போதும். அந்த ஷூரிட்டி செய்தியை, அந்த அம்மாவின் அடையாளம் இல்லாமல், விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

வியாழன் மதியம், மதுரையிலிருந்து

இவர் சொன்னதைத்தான் நீதிபதி கிருஷ்ண ஐயர் 1978இல் மோத்திராம் வழக்கில் எழுதினார். ஒரு கொத்தனார். ஜாமீன் கிடைத்தது, பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாள் வேண்டும் என்றார்கள். உடன்பிறந்தவர் முன்வந்தார், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நடுவர் ஏற்கவில்லை. ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவான் என்று கிருஷ்ண ஐயர் கேட்டார். அடுத்த வருடமே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமாகியிருந்தாலும் அனுபவித்திருக்க வேண்டியதைவிட அதிக காலம் பீகார் சிறைகளில் கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

பணம் யார் போடுவது என்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1961இல் நியூயார்க்கில் லூயி ஷ்வைட்சர் என்ற தொழிலதிபர் தன் பணத்தைப் போட்டுத் தொடங்கியதுதான் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம். சட்டக் கல்லூரி மாணவர்களைக் கைதானவர்களிடம் அனுப்பி, வேலை இருக்கிறதா, இந்த முகவரியில் எத்தனை நாள், ஊரில் சொந்தம் யார் என்று கேட்க வைத்தார்கள். பதிலைப் பார்த்து, பணம் கட்டாமலே இவரை விடலாம் என்று நீதிபதியிடம் சொன்னார்கள். ஐந்தே வருடத்தில், 1966இல், அங்கே கூட்டாட்சி ஜாமீன் சட்டமே மாறியது. பிரீடிரயல் பணி என்ற தொழில் வளர்ந்தது அந்தக் கேள்வித்தாளிலிருந்து. கேள்வி கேட்கத் தெரிந்த ஆளைத் தயார்செய்யும் செலவு கட்டடச் செலவு இல்லை.

வியாழன் மாலை, பாளையங்கோட்டையிலிருந்து

விண்ணப்பத்தில் நிதிக்கு ‘மானியம்’ என்று போட்டுவிடாதீர்கள். மானியம் உரத்துக்கும் சிலிண்டருக்கும். நல்குவது நல்கை.

வியாழன் மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு மானியங்கள் ஆணைக்குழு இருக்கிறது ஐயா. நாங்கள் உரம் வாங்கவில்லை.

வியாழன் இரவு, கீழக்கரையிலிருந்து

நல்கையோ மானியமோ, இதை அறக்கட்டளையிடம் ஏன் கேட்க வேண்டும்? சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, தேசிய, மாநில, மாவட்ட அளவில் மூன்று சட்ட உதவி நிதியங்களை வைத்திருக்கிறது. சட்ட உதவி அரசின் கடமை என்று அரசமைப்பின் 39அ சொல்கிறது. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது அரசன் ஆணையால்தான்.

வியாழன் இரவு, திருச்சியிலிருந்து

அங்கேயும் கேட்போம். ஆனால் வெள்ளிக்குள் வராது. நாளை மாலைக்குள் சொல்லைச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வெள்ளி காலை, மதுரையிலிருந்து

இரவு முழுக்க இதே யோசனை. பிரீடிரயல் என்பதை நேரடியாகப் பிடிப்பதே தவறோ என்று தோன்றுகிறது. நம் கையேடு டிரயல் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறதா? இல்லை. அண்டர்டிரயல், அதாவது தீர்ப்பு வராமல் சிறையில் இருப்பவர், டிரயல் நடக்கும்போதும் உள்ளேதான் இருக்கிறார். 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இப்படிப்பட்டவர்கள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436அ பிரிவு, இப்போது சன்ஹிதாவின் 479, அவர்களுக்காகத்தான்: சில குற்றங்கள் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதிக் காலம் கழிந்தால் ஜாமீன், முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனைத் தீர்ப்புப் பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கைக் கணக்குப் போடச் சொல்லித்தருவதுதான் கையேட்டின் ஐந்தாம் பாடம். டிரயல் பாதியில் இருப்பவருக்கும் அது பொருந்தும்.

ஆகவே எல்லை டிரயல் அல்ல, தீர்ப்பு. ‘தீர்ப்புக்கு முந்தைய’ என்று வைப்போம். தீர்ப்பு தமிழ், ஆசிரியர் ஐயா மறுக்க மாட்டார். யாழ்ப்பாணத்திலும் தீர்ப்பு தீர்ப்புதான். அந்த அம்மாவுக்கும் புரியும்.

வெள்ளி காலை, விருதுநகரிலிருந்து

புரியும். ‘இன்னும் தீர்ப்பு வரல’ என்றுதான் அவரும் சொன்னார்.

வெள்ளி மதியம், கீழக்கரையிலிருந்து

பிணைநிலையை விட மனமில்லை. ஆனாலும் சரி.

வெள்ளி மதியம், யாழ்ப்பாணத்திலிருந்து

சம்மதம். அருஞ்சொல் அட்டவணையில் விளக்கமறியலை ரிமாண்டுக்கு எதிரே இரண்டாவது சொல்லாகவாவது சேருங்கள். இராமேசுவரத்து மீனவர்கள் எங்கள் நீதவான் முன் நிறுத்தப்படும்போது வீட்டுக்கு வரும் செய்தியில் அந்தச் சொல்தான் இருக்கும். அவர்களுக்காக ஓடும் தன்னார்வலருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளி மாலை, திருச்சியிலிருந்து

அனுப்பிவிட்டேன். ‘தீர்ப்புக்கு முந்தைய நீதிப் பணியாளர்களுக்கான பயிற்சி நூல்கள்: நிதிநல்கை வேண்டி விண்ணப்பம்’. விளக்கமறியல் அட்டவணையில் இருக்கிறது. ஷூரிட்டிக்குப் பிணையாள் என்று போட்டு, பக்கத்திலேயே ‘உங்களுக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஆள்’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

சனி காலை, பாளையங்கோட்டையிலிருந்து

தீர்ப்பு முடிவின் பெயர். ஓர்தல் செயலின் பெயர். முடிவை வைத்து அதற்கு முந்தையதை அளப்பது என்றால், தீர்ப்பு வராமலே போனவர்களை எதை வைத்து அளப்பீர்கள்? கோவலன் வழக்கில் இல்லாமல் போனது தீர்ப்பு அல்ல, ஓர்வு. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன்.