எஞ்சின் கடல்தண்ணிப் பம்ப் ஒழுகுது, அவசரம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கரைதுறை_தம்பி
அண்ணாமார், போட் எஞ்சினைக் குளிராக்கக் கடல்தண்ணி இழுக்கிற பம்ப் ஒழுகுது. முதல் சொட்டுச் சொட்டாய்த்தான் விழுந்தது. இப்ப எஞ்சின் ஓடேக்க நூலாய் இறங்குது. ஹோஸ் கிளிப் எல்லாம் இறுக்கிப் பார்த்தாச்சு, நிக்கேல்லை. வெள்ளிக்கிழமை தொழிலுக்கு இறங்கவேணும். என்ன சாமான் வாங்க? முழுப் பம்ப் மாத்தக் காசு கட்டாது. கெதியாச் சொல்லுங்கோ.

நாயாறு_வாடி
தம்பி, எத்தினை சிலிண்டர் எஞ்சின்? பம்ப் பெல்ற்றில ஓடுறதோ, எஞ்சின் கியரில நேர பூட்டினதோ? தண்ணி வாறது முன் தகட்டாலயோ, ஹோஸ் வாயாலயோ, நடு உடம்புக்குக் கீழ இருந்தோ? இந்த மூண்டு இடத்துக்கும் மூண்டு வேறை வேலை.

விடத்தல்தீவான்
இது பக்கிங் பிரச்சினைதான். சாப்ட் (பம்பைச் சுத்துற தண்டு) வெளிய வாற இடத்தில பெரிய நட்டு ஒண்டு இருக்கும், அதுக்குள்ள கிராபைட் கயிறு சுத்தியிருக்கும். நட்டைக் கால் சுத்து இறுக்கிப் பார். ஒரேயடியாய் உலர இறுக்கிப் போடாதை. இடைக்கிடை ஒரு சொட்டு விழவேணும், இல்லாட்டி சாப்ட் சூடேறித் தேஞ்சு போகும்.

பழைய_மெக்கானிக்
விடத்தல்தீவான் சொல்லுறது பழைய காலத்துப் பம்புக்கு. இப்ப வாற ரப்பர் இம்பெலர் (சுத்தித் தண்ணியைத் தள்ளுற, செட்டை வைச்ச சில்லு) பம்புகளில பெரும்பாலும் அந்த நட்டே இல்லை, உள்ள சீல்தான் (கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) இருக்கு. தம்பி, "ஒழுகுது" எண்டு மட்டும் எழுதுறது டொக்டரிட்டப் போய் "நோகுது" எண்டு சொல்லிப்போட்டு மருந்து கேக்கிற மாதிரி. இங்க இதைப்பற்றி எத்தினையோ தரம் எழுதியாச்சு. கேட்ட கேள்விக்கு முதல் பதில் போடுங்கோ.

கரைதுறை_தம்பி
மூண்டு சிலிண்டர் டீசல் அண்ணை. பெல்ற் பம்ப். பம்புக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதாலதான் வருது.

நாயாறு_வாடி
அப்ப சரி, இடம் பிடிபட்டிட்டுது. வாறது தண்ணியோ ஒயிலோ? கப்பியை (பெல்ற் ஓடுற சில்லை) பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பார், ஆட்டம் இருக்குதோ? ஆட்டம் இருந்தால் பெயாரிங் போயிட்டுது. பெயாரிங் ஆடினால் எந்தப் புதுச் சீல் போட்டாலும் நிக்காது. பெல்ற்றைக் கம்பி மாதிரி இறுக்கி வைச்சிருக்கிற போட்டுகளில முதல் போறது பெயாரிங், அதுக்குப் பின்னாலதான் சீல். நடுவில பெருவிரலால அமத்தினால் கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் தாழவேணும், அதுதான் அளவு.

மாங்குளம்_ரோட்
வெள்ளிக்கிழமை போகவேணுமெண்டால் அந்த ஓட்டையைக் காயவிட்டு அரால்டைட் வைச்சு அடைச்சிட்டுப் போகலாம். திரும்பி வந்து ஆறுதலாக் கழட்டுங்கோ.

பழைய_மெக்கானிக்
தயவுசெய்து ஒருத்தரும் இதைச் செய்யவேண்டாம். அந்த ஓட்டை பிழையில வந்ததில்லை, பம்ப் செய்தவன் தெரிஞ்சுதான் விட்டிருக்கிறான். சாப்ட்டில ரெண்டு சீல். இம்பெலர்ப் பக்கம் இருக்கிறது தண்ணிக்கு, மற்றப் பக்கம் இருக்கிறது பெயாரிங் கிறீஸுக்கோ எஞ்சின் ஒயிலுக்கோ. ரெண்டுக்கும் நடுவில வெறும் இடம், அதுக்குக் கீழதான் ஓட்டை. தண்ணி வந்தால் தண்ணிச் சீல் போச்சு, ஒயில் வந்தால் ஒயில்ச் சீல் போச்சு எண்டு அது காட்டித் தருது.

அடைச்சால் உப்புத் தண்ணிக்குப் போக வேறை வழி பெயாரிங்தான். பெல்ற் பம்பில பெயாரிங் துருப்பிடிச்சுக் கடலுக்குள்ள இறுகும், பெல்ற் அறும். பெல்ற் அறுந்தால் தண்ணி ஓட்டமும் நிண்டிடும். கியரில ஓடுற பம்பெண்டால் இன்னும் மோசம், கடல்தண்ணி நேர எஞ்சின் ஒயிலுக்குள்ள போகும். ஒயில் பால் நிறமாய் மாறினபிறகு நீங்கள் பார்க்கிறது பம்ப் வேலையில்லை, எஞ்சின் வேலை.

மாங்குளம்_ரோட்
ஒரு நாளுக்குத்தானே சொன்னன்.

பழைய_மெக்கானிக்
ஒரு நாளுக்கும் வேண்டாம். கட்டாயம் போகவேண்டி வந்தால் ஓட்டையைத் திறந்தபடி விட்டு, வாற தண்ணி பெல்ற்றிலயும் ஸ்ராட்டரிலயும் தெறிக்காமல் கீழ ஒரு டப்பாவைக் கட்டி விடுங்கோ. அதுவும் கரைக்குக் கிட்ட மட்டும்.

லேத்_பரந்தன்
தம்பி, இது முழுப் பம்ப் மாத்துற வேலையில்லை. சீல் ரெண்டு, பெயாரிங் ரெண்டு, முன் தகட்டுக்கு அடியில வைக்கிற மட்டை (கஸ்கெட்) ஒண்டு, தேவையெண்டால் இம்பெலர். நிதானமாச் செய்தால் அரை நாள் காணும்.

முதல் வேலை அடியில தண்ணி எடுக்கிற வால்வை மூடுறது. பம்ப் இருக்கிறது தண்ணி மட்டத்துக்குக் கீழ. வால்வை மூடாமல் ஹோஸைக் கழட்டினால் போட்டுக்குள்ள தண்ணி நிரம்பும். வால்வு இறுகி மூடேலாமல் இருந்தால் மர ஆப்பு ஒண்டு சீவிக் கையில வைச்சிருக்கவேணும், இல்லாட்டிக் கரையில ஏத்திப்போட்டுச் செய்யவேணும்.

பெல்ற்றைத் தளர்த்தி, ஹோஸ் ரெண்டையும் கழட்டி, பம்பை முழுசா வெளிய எடுங்கோ. எடுக்கமுதல் போனில படம் எடுத்து வையுங்கோ. எஞ்சினில வைச்சே தகட்டைக் கழட்டப் பார்க்கிற ஆக்கள் கனபேர். கனக்க எஞ்சின்களில தகடு எஞ்சின் பக்கம் பார்த்திருக்கும், கை போகாது, ஸ்குறூ அடியில விழுந்தால் தேடேலாது. தகட்டு ஸ்குறூ பித்தளை. வெட்டுக்கு அளவான ஸ்குறூ டிரைவர் இல்லாட்டித் தலை சிதைஞ்சிடும்.

இம்பெலரை நடுக் கட்டையில குறட்டால பிடிச்சு நேர இழுங்கோ. ஸ்குறூ டிரைவரால நெம்பினால் பம்ப் உடம்பில கீறல் விழும், பிறகு உறிஞ்சாது. கப்பியைக் கழட்டி, வளையக் கிளிப்பை எடுத்தால் சாப்ட் பெயாரிங்கோட கப்பிப் பக்கமா வரும். சுத்தியலால நேர அடிக்காமல் மரக்கட்டை வைச்சுத் தட்டவேணும், இல்லாட்டி சாப்ட் நுனி விரிஞ்சு பிறகு சீலைக் கிழிக்கும். சாப்ட்டில நடுவில ஒரு சின்ன ரப்பர் வளையம் இருந்தால் அதை எறிஞ்சு போடாதேங்கோ. சாப்ட் வழிய ஊர்ந்து பெயாரிங்குக்குப் போற தண்ணியைச் சிதறி ஓட்டையால வெளிய விழுத்துறது அதுதான். கனபேர் ஏதோ பழைய ரப்பர் எண்டு நினைச்சு விட்டிடுவினம்.

பெயாரிங்கில நம்பர் வெட்டியிருக்கும். 6203 எண்டால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர். அந்த நம்பரைச் சொல்லி ரெண்டு பக்கமும் ரப்பர் மூடினதைக் கேளுங்கோ. கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலயே தேடிப் பார்க்கலாம், போட் கடைதான் எண்டில்லை. சீலிலயும் மூண்டு அளவு அடிச்சிருக்கும்.

ஆனால் சீல் வாங்கேக்கதான் கவனம். சாதாரண ஒயில் சீலுக்குள்ள இருக்கிற சுருள் வளையம் இரும்பு. கடல்தண்ணிக்கு அது கெதியாத் துருப்பிடிச்சு அறும், பிறகு சீலின்ர உதடு (உள் விளிம்பு) சாப்ட்டை அமத்தாது. தண்ணிப் பக்கத்துக்கு ஸ்ரெயின்லஸ் சுருள் உள்ளதுதான் வேணும். பூட்டேக்க சுருள் தெரியிற திறந்த பக்கம் தண்ணியைப் பார்க்கவேணும். மாறிப் போட்டால் எஞ்சின் ஸ்ராட் பண்ணின உடனயே ஒழுகும்.

கடைசியா சாப்ட். சீல் உதடு ஓடின இடத்தில விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கோ. நகம் தட்டுப்பட்டால் வரி விழுந்திட்டுது, அதுக்கு மேல புதுச் சீல் நிக்காது. உள்ள இடமிருந்தால் சீலை ஒரு 2 மில்லிமீற்றர் தள்ளி இருத்தலாம், உதடு தேயாத இடத்தில ஓடும். ஓட்டையை மட்டும் மறைக்கக்கூடாது. இடமில்லையெண்டால் 316 ஸ்ரெயின்லஸில புதுச் சாப்ட் கடைஞ்சு எடுக்கலாம்.

நாயாறு_வாடி
முன் தகட்டையும் பாருங்கோ. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் தொடுவாயால (களப்பு கடலோட சேருற வாய்) போய் வாற போட்டுகளுக்கு மணல் உள்ள போகும். தகட்டில வட்டம் வட்டமா வரி விழுந்திருக்கும். தகட்டைத் திருப்பிப் போடலாம், இல்லாட்டிக் கண்ணாடி மேல 400 நம்பர் மணல்தாள் வைச்சு உரைச்சு மட்டமாக்கலாம். கஸ்கெட் பழையதின்ர தடிப்பிலயே வெட்டுங்கோ. தடிச்ச மட்டையில வெட்டினால் இம்பெலருக்கும் தகட்டுக்கும் இடைவெளி விழும், பம்ப் சரியா உறிஞ்சாது. இம்பெலருக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசி இறக்குங்கோ.

பழைய_மெக்கானிக்
கிறீஸ் வேண்டாம். சாதாரண இம்பெலர் நியோபிரின் ரப்பர், பெற்றோலியக் கிறீஸில ஊதும். பாத்திரம் கழுவுற சோப் போதும். கிளிசரின் இருந்தால் இன்னும் நல்லம்.

விடத்தல்தீவான்
நாங்கள் தேங்காயெண்ணெய்தான் பூசுறது. ஒண்டும் ஊதேல்லை.

பழைய_மெக்கானிக்
ஊதினது கண்ணுக்குத் தெரியாது. செட்டை விறைச்சு வளைஞ்சபடி நிண்டால் அதுதான் அடையாளம்.

நாயாறு_வாடி
தண்ணி வந்த உடன கிறீஸ் கழுவுப்பட்டுப் போயிடும். ஓடாமல் கிடக்கிற போட்டிலதான் பிரச்சினை வரும். வளைஞ்ச செட்டை இம்பெலர் மாசக்கணக்கா ஓடாமல் கிடந்தாலும் வரும், அதுக்குக் கிறீஸைக் குறை சொல்லேலாது.

லேத்_பரந்தன்
ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. முதல் சுத்து சுத்தேக்க ரப்பர் உலர ஓடக்கூடாது, தேவை அவ்வளவுதான். சோப் கையில இருக்கு, அதைப் பூசினால் முடிஞ்சுது. நைற்றிரில் எண்ட மற்ற ரப்பர் வகை இம்பெலர் ஒயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். முக்கியமான விசயம் வேறை. செட்டை சுத்துற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, நுனி பின்னால இழுபடுற மாதிரி வளையவேணும். மாறி வைச்சாலும் பெரும்பாலும் தானே திரும்பும், ஆனால் இறுக்கமான புது இம்பெலரில கிழியக் கூடும்.

மாங்குளம்_ரோட்
சீல் ஸ்ரெயின்லஸ் சுருளோட கிடைக்காட்டி?

லேத்_பரந்தன்
சாதாரணச் சீலைப் போட்டு ஓடலாம், கொஞ்சக் காலத்துக்கு. சொட்டு வாறதை அடிக்கடி பார்த்துக்கொண்டு, நல்லது கிடைச்ச உடன மாத்தவேணும்.

கரைதுறை_தம்பி
மாத்தியாச்சு அண்ணாமார். சீல் ரெண்டு, பெயாரிங் ரெண்டு. ஒழுக்கு நிண்டிட்டுது. இம்பெலரும் புதுசு, பழசில ரெண்டு செட்டை இல்லை. எல்லாருக்கும் நன்றி.

பழைய_மெக்கானிக்
நல்லம். அந்த ரெண்டு செட்டையும் எங்க? பம்புக்குள்ள கிடந்ததோ?

நாயாறு_வாடி
தம்பி, இறங்கமுதல் அதைத் தேடிப்போட்டு இறங்கு. பம்புக்குள்ள இல்லையெண்டால் தண்ணி போற பக்கம்தான் போயிருக்கும். பம்பில இருந்து மேல போற ஹோஸைக் கழட்டி முதல் வளைவுக்குள்ள கம்பி விட்டுப் பார். ஹீற் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினுக்குள்ள ஓடுற தண்ணியைக் கடல்தண்ணியால குளிராக்கிற பெட்டி) உள்ள எஞ்சினெண்டால் தண்ணி நுழையிற பக்கத்து மூடியைத் திற, ரியூப் வாயில ஒட்டிக்கொண்டு நிக்கும். கடல்தண்ணி நேர ஓடுற எஞ்சினெண்டால் எஞ்சின் புளொக்குக்குள்ள நுழையிற முழங்கைக் குழாயிலயும் தெர்மோஸ்ரற் (சூட்டுக்கேற்பத் திறக்கிற வால்வு) கூட்டுக்குள்ளயும் பார். கரையில சும்மா ஓடவிட்டால் சூட்டு மீற்றர் சரியாத்தான் காட்டும். முழு வேகத்தில பாரத்தோட ஓடேக்கதான் சூடு ஏறும்.

லேத்_பரந்தன்
தண்ணி எடுக்கிற பக்கம் வடிகட்டி இருந்தால் அதையும் திறந்து பார்க்கட்டும், பம்ப் நிண்டபிறகு தண்ணி திரும்பி இறங்கேக்க துண்டு அங்கயும் வந்திருக்கலாம். தம்பி, சாப்ட்டில வரி இருந்ததோ எண்டும் சொல்லேல்லை.