பின்னலான அணிகள்: பழைய எடுத்துக்காட்டுகளைப் புது வடிவுக்கு மாற்றிய அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

பிஎச்பி என்ற நிரல்மொழிக்காக எங்கள் கல்லூரியில் தமிழில் தயாரித்த பாடக்குறிப்புகளில், அணிகள் (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் பட்டியல்கள்) யாவும் 'அரே' என்ற சொல்லையும் வளைவு அடைப்புக்குறியையும் கொண்டே எழுதப்பட்டிருந்தன. அதற்குப் பதிலாக எழுதத்தக்க சதுர அடைப்புக்குறி 2012இல் 5.4 பதிப்போடு வந்துவிட்டது. ஆனாலும் குறிப்புகள் பழைய வழக்கத்திலேயே நின்றுவிட்டன. ஓரடுக்கு அணியில் இதனால் இடைஞ்சல் ஏதுமில்லை. அணிக்குள் அணி வரும்போதுதான் மாணவர்கள் தடுமாறினார்கள்.

நாங்கள் வைத்திருந்த எடுத்துக்காட்டு தாமிரபரணியின் அணைக்கட்டுகள். சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய், மருதூரில் மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டத்தில் வடகாலும் தென்காலும் பிரிகின்றன. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானதால், ஆற்றுக்கும் அணைக்கட்டுக்கும் நடுவே மாவட்டம் என்ற ஓரடுக்கையும் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அணியை அச்சிடும் செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) நேரே கொடுத்தால், வரியின் கடைசியில் வளைவுக் குறிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் எது கால்வாய்ப் பட்டியலை மூடுகிறது, எது செயற்கூற்றையே மூடுகிறது என்பது எண்ணிப் பார்த்தால்தான் விளங்கும். இப்போது உள்ளடுக்கு இப்படி இருக்கிறது:

['மருதூர்' => ['மேலக்கால்', 'கீழக்கால்']]

சதுரம் தரவுக்கு, வளைவு செயற்கூற்றுக்கு என்று கண்ணே பிரித்துவிடுகிறது. புது வடிவின் பெரிய ஆதாயம் இதுதான் என்பேன். தட்டச்சில் சில எழுத்துகள் மிச்சமாவது சில்லறை லாபம்.

'அரே' என்ற சொல்லையும் அதை அடுத்த வளைவையும் தேடி ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று இளம் ஆசிரியர் ஒருவர் யோசனை கூறினார். ஆனால் 'இன்_அரே', 'ஈஸ்_அரே' போன்ற செயற்கூறுகளின் பெயர்களும் அப்படியேதான் முடிகின்றன, அவை உடைந்துபோகும். தொடக்கக் குறியை மாற்றியபின் அதற்குரிய முடிவுக் குறியைக் கண்டுபிடிப்பதும் வெறும் தேடலால் ஆகிற காரியமன்று. எனவே நிரலைச் சொல்சொல்லாகப் பிரித்துத் தர பிஎச்பியிலேயே உள்ள டோக்கனைசரைக் கொண்டு, அணியைத் தொடங்கும் சொல்லை அடையாளம் கண்டு, அடைப்புக்குறிகளின் ஆழத்தை எண்ணி மாற்றினோம்.

வெளியீட்டுப் பகுதிகளில் மட்டும் கைவைக்கவில்லை. அணியின் உள்ளடக்கத்தைக் காட்டும் 'பிரிண்ட்_ஆர்', 'வார்_எக்ஸ்போர்ட்' ஆகிய இரண்டு செயற்கூறுகளும் எட்டாம் பதிப்பிலும் பழைய வளைவு வடிவிலேயே அச்சிடுகின்றன. நிரலில் சதுரமும் விடையில் வளைவும் இருப்பதை மாணவர் கேட்கத்தான் செய்வார். அதற்காக விடையைத் 'திருத்தி' அழகுபடுத்தினால் குறிப்பு பொய்யாகிவிடும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து:

அண்ணாச்சி எழுதியது சமக்குறிக்கு வலப்பக்கத்தைப் பற்றியது. எனக்கு வேலை வைத்தது இடப்பக்கம். அணியைப் பிரித்து மாறிகளில் வாங்கும் 'லிஸ்ட்' வடிவத்துக்குப் பதிலாகச் சதுரக்குறி 7.1 பதிப்பில், 2016இல்தான் வந்தது. எங்கள் அலுவலக ஆவணங்களில் வெளியடுக்கை மட்டும் சதுரமாக்கி, உள்ளடுக்கை 'லிஸ்ட்' ஆகவே விட்டிருந்த எடுத்துக்காட்டுகள் சில இருந்தன. ஒரே பிரிப்புக்குள் இரண்டையும் கலப்பதை பிஎச்பி ஏற்பதில்லை. நிரல் ஓடத் தொடங்குமுன்பே பிழை காட்டி நின்றுவிடும். பின்னலான பிரிப்பை மாற்றுவதென்றால் எல்லா அடுக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அல்லது தொடாமல் விட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரே அணியின் கடைசியில் மதிப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்படி 'லிஸ்ட்' எழுதினால், ஐந்தாம் பதிப்பு வலமிருந்து இடமாகவும் ஏழாம் பதிப்பு இடமிருந்து வலமாகவும் மதிப்பிடும். ஆகவே 1, 2, 3 என்பது பழையதில் 3, 2, 1 என்று சேரும். இந்த வேறுபாட்டைக் காட்டும் எடுத்துக்காட்டை மட்டும் நான் புதுப்பிக்கவில்லை. பதிப்பு எண்களை மேலே எழுதி, பழைய வடிவிலேயே விட்டுவிட்டேன். சதுரத்தில் எழுதினால் ஐந்தாம் பதிப்பில் அது ஓடவே செய்யாது. பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது?