“வெறும் 16,077” என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள்

பாறசாலைக்காரன்: குப்பத்தான் தம்பி நேற்று ஒன்று போட்டிருக்கிறார். டெக் கம்பெனி நடத்தியவர்கள் தேர்தலில் நின்றால் டெல்லிவரை போகலாமாம். ஆதாரம்? பிபிஎல் மொபைல் என்ற செல்போன் கம்பெனியைத் தொடங்கிய பா.ஜ.க.வின் ராஜீவ் சந்திரசேகர் 2024இல் திருவனந்தபுரத்தில் காங்கிரசின் சசி தரூரிடம் “வெறும் 16,077” ஓட்டில்தான் தோற்றாராம். 2014இல் இதே தொகுதியில் அதே கட்சியின் ஓ. ராஜகோபால் தோற்றது 15,470 ஓட்டில். அவரிடம் எந்த செல்போன் கம்பெனி இருந்தது?

குப்பத்தான்: 2019இல் அதே கட்சி 99,989இல் தோற்றதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே அண்ணே. அதோடு பார்த்தால் 16,077 வெறும்தான்.

பாறசாலைக்காரன்: 2019இல் ராகுல் வயநாட்டில் நின்றார். கேரளாவில் 20க்கு 19 காங்கிரஸ் கூட்டணிக்குப் போனது. அந்த வருடத்தை அளவுகோலாக வைப்பீரோ? 15,470, 16,077. எது பெரிசு, அதை முதலில் சொல்லும்.

வேலந்தாவளத்தான்: ஏனுங்க, நந்தன் நிலேகனியை மறந்துட்டீங்களா? இன்ஃபோசிஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருத்தர், ஆதார் கொண்டுவந்தவர், 2014இல் பெங்களூரு தெற்கில் 2.28 லட்சத்தில் தோற்றார். ஈபே என்ற இணையச் சந்தையை நடத்திய மெக் விட்மன் 2010இல் கலிபோர்னியா கவர்னர் ஆக 14 கோடி டாலர் கைக்காசு கொட்டியும் தேறவில்லை.

குப்பத்தான்: எங்கள் ஆந்திராவைப் பாருங்கள். யூவேர்ல்டு கம்பெனியைத் தொடங்கிய பெம்மசானி சந்திரசேகர் 2024இல் குண்டூரில் ஜெயித்து மத்திய இணை அமைச்சரும் ஆகிவிட்டார்.

பாறசாலைக்காரன்: அவர் டாக்டர். மருத்துவப் பரீட்சைக்குக் கேள்வி-பதில் விற்ற கம்பெனி அது. அன்றைக்கு ஆந்திராவில் தெலுங்கு தேசத்தின் சைக்கிள் சின்னத்தில் யார் நின்றாலும் கரையேறியிருப்பார்கள். பேச்சை மாற்றாதீர், 16,077க்கு வாரும்.

குப்பத்தான்: இணையத்தில் விற்றால் டெக் இல்லையா? சிம் விற்றால்தான் டெக்கா?

பாறசாலைக்காரன்: திருவனந்தபுரம் தொகுதிக்குள்ளேயே, டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா இருக்கிற கழக்கூட்டம் சட்டமன்றப் பகுதியில் ராஜீவ் முந்தினார், சரி. பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் மூன்றிலும் தரூர். பொழியூரில் கடல் அரித்து வீடு போனவன் வாசலில் நின்று ஸ்டார்ட்அப் பேசினால் ஓட்டு விழுமா? இதெல்லாம் இங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

வேலந்தாவளத்தான்: நீங்களே களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு கட்டிப் போய்ட்டீங்களே. ஓட்டு இன்னும் பாறசாலையிலா?

பாறசாலைக்காரன்: என் ஓட்டு எங்கே இருந்தால் உமக்கென்ன? பஞ்சாயத்துத் தேர்தலில் உம்ம ஆளுக்கு டெபாசிட் போகும் என்று நான் சொன்னேன், போச்சு. அந்தக் கடுப்பு உமக்கு.

வேலந்தாவளத்தான்: அதை இங்கே எதுக்குங்க இழுக்கறீங்க?

குப்பத்தான்: 99,989க்கு இன்னும் பதில் வரவில்லை.

பாறசாலைக்காரன்: 15,470க்கு வந்ததா?