கராச்சுக்கு எந்தச் சொப்ட்வெயார்? கூலி, பார்ட்ஸ், லேத் செலவு, கடன் நாலும் ஒரே கணக்கில வரவேணும்

ஏ9_கராச் (கிளிநொச்சி)

வணக்கம். லான்ட்மாஸ்ரர், நாலு சில்லு ரக்டர், தண்ணி பம், மோட்டச்சைக்கிள் திருத்திற கராச். மெக்கானிக் மூண்டு பேர், கையாள் ஒராள், முன்பக்கம் சின்னதா ஒரு பார்ட்ஸ் கடை. ஜொப் காட் ஒரு கொப்பியில, கடன் வேற கொப்பியில, ஸ்ரொக் எக்செல்ல. மூண்டும் ஒண்டோட ஒண்டு ஒத்துவராது.

தேவை இதுதான்: எந்த மிசினுக்கு எந்தப் பார்ட் போனது, ஆர் எவ்வளவு நேரம் வேலை செய்தது, லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) அனுப்பின செலவு, அட்வான்ஸ் போக மிச்சக் கடன். இன்ரநெற் போன் சிக்னலில மட்டும். கரண்ட் அடிக்கடி போகும். வருடக் கட்டணத்துக்கு ஒரு பொஸ் (கடையில பில் அடிக்கிற) சொப்ட்வெயார் காட்டினவை, பாக்க வடிவாத்தான் இருக்கு. எடுக்கலாமோ?

கணக்கர்_வவுனியா

காட்டினவையிட்ட ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: ஸ்ரொக் எப்ப குறையும்? மெக்கானிக் ராக்கையில இருந்து பார்ட்டை எடுக்கேக்கையா, பில் அடிக்கேக்கையா?

கடைக்குச் செய்த பொஸ் பெரும்பாலும் பில் அடிக்கேக்கைதான் குறைக்கும். சாமான் விக்கிற கடைக்கு அது சரி, எடுக்கிறதும் காசு குடுக்கிறதும் ஒரே நேரம். கராச்சில அப்பிடியில்லை. ரிங் செற்றும் ஹெட் கஸ்கட்டும் திங்கள் போட்டு, லேத்தில இருந்து கிராங் வர வியாழனாகி, பில் அடுத்த கிழமை போகும். அதுவரைக்கும் சொப்ட்வெயார் அந்த ரிங் செற் ராக்கையில இருக்கெண்டு சொல்லிக்கொண்டிருக்கும். உழவு தொடங்கிற நேரம் பதினைஞ்சு மிசின் அரைகுறையா நிண்டால் ஸ்ரொக் கணக்கு முழுக்கப் பொய். பில் போடேக்கை ஒரு பார்ட்டை மறந்தால் அது காணாமல் போனதாத்தான் நிக்கும், ஆருக்குப் போட்டதெண்டு ஒருநாளும் தெரியவராது.

அதால ஜொப் நம்பர்தான் முதல், பில் அதில இருந்து கடைசியில வரவேணும். இதைச் செய்யக்கூடியதுகள்:

மனேஜர் எண்ட கணக்கு மென்பொருளின்ர டெஸ்க்டொப் பதிப்பு இலவசம், இன்ரநெற் இல்லாமல் ஓடும். அதில கராச்சுக்கெண்டு தனிப் பகுதி இல்லை, ஆனால் இருக்கிறதை வைச்சுச் செய்யலாம். சரக்கு இருக்கிற இடம் எண்டு ரண்டு திறவுங்கோ: ஒண்டு ராக்கை, மற்றது கொட்டில் (மிசின் திருத்திற இடம்). மெக்கானிக் பார்ட் எடுத்த உடனே ராக்கையில இருந்து கொட்டிலுக்கு ஒரு மாற்றம் போட்டு, குறிப்பில ஜொப் நம்பர். பில்லைக் கொட்டில் இடத்தில இருந்து போடவேணும். ராக்கை எண்ணிக்கை எப்பவும் சரியா இருக்கும். கொட்டிலில எதாவது மிஞ்சி நிண்டால் ஒண்டில் மிசின் இன்னும் முடியேல்லை, இல்லாட்டி பில்லில விடுபட்டிருக்கு. சனிக்கிழமை பின்னேரம் அந்த ஒரு பட்டியலைப் பாத்தாலே காணும். நேரத்தை வாடிக்கையாளர் பேரில பதிஞ்சு பில்லுக்குக் கொண்டுபோற வசதியும் இருக்கு. குறை, டெஸ்க்டொப் பதிப்பில ஒரு கொம்பியூட்டரில ஒராள்தான் வேலை செய்யலாம். ரண்டு பேர் ஒரே நேரம் பாவிக்கக் காசு குடுக்கிற பதிப்பு வேணும்.

டாலி எண்ட கணக்கு மென்பொருளை ஏற்கெனவே வைச்சிருக்கிறவை இதே வேலையை அதில இருக்கிற கோடவுணை (சரக்கு இருக்கிற இடத்தை) வைச்சுச் செய்யலாம்.

ஓடூ எண்ட வியாபார மென்பொருளின்ர கொமியூனிற்றி பதிப்பில ரிப்பேர் எண்டே ஒரு பகுதி இருக்கு. போடுற பார்ட், கழட்டிற பார்ட் எண்டு தனித்தனியாக் காட்டலாம். இலவசம்தான், ஆனால் நிறுவி, டேற்றாபேஸ் பாத்து, பக்கப் எடுக்க ஒராள் வேணும். அப்பிடி ஆள் இல்லாத இடத்தில அதைத் தொடாதேங்கோ.

ஏ9_கராச்

கொட்டில் யோசினை விளங்குது. மோட்டச்சைக்கிளுக்கு இலக்கத் தகடு இருக்கு. தண்ணி பம்முக்கு என்ன செய்யிறது? கன லான்ட்மாஸ்ரர் கைமாறியும் வருது.

கணக்கர்_வவுனியா

ஆளையும் மிசினையும் ஒண்டாப் பதியாதேங்கோ. கடன் ஆளுக்கு, திருத்தின சரித்திரம் மிசினுக்கு. மிசின் வித்துப்போனால் பழைய சொந்தக்காரற்ற கடன் புது ஆளின்ர பேரில ஏறக்கூடாது. ஆனால் போன வருசம் லைனர் மாத்தினது புது ஆள் வரேக்கையும் தெரியவேணும். லான்ட்மாஸ்ரருக்கு எஞ்சின் பொடியில குத்தியிருக்கிற நம்பரைப் பதியுங்கோ. பம்முக்கு நம்பர் குத்தின அலுமினியத் தகட்டைக் கம்பியால கட்டிவிடுங்கோ, அடுத்தமுறை வரேக்கையும் அதே நம்பர். கடதாசி ஒட்டினால் டீசல் பட்டுக் கரைஞ்சுபோம்.

ஆளுக்கு பேர் மட்டும் காணாது. ஒரே பேரில ஒரு கிராமத்தில நாலு பேர் இருப்பினம். பேர், ஊர், போன் நம்பர் மூண்டும் வேணும்.

இன்னுமொண்டு, கடன் வயசுப் பட்டியல். கன மென்பொருள் கடன் எத்தினை நாளா நிக்குதெண்டு பாத்து 30, 60, 90 நாள் எண்டு பிரிக்கும். புரட்டாதியில உழவுக்கு முன்னம் திருத்தினவர் காலபோக அறுவடை முடிஞ்சு மாசி, பங்குனியிலதான் தருவார். அந்தப் பட்டியலில ஊர் முழுக்க 90 நாள் தாண்டி நிக்கும், உண்மையில தராத ஆள் அதுக்குள்ள ஒளிஞ்சிடுவார். பில் போடேக்கையே தவணைத் திகதியைப் பங்குனி 31 எண்டு கையால குடுங்கோ. சித்திரையில வாற பட்டியல்தான் நீங்கள் போன் எடுக்கவேண்டிய பட்டியல்.

முறிகண்டி_டீசல்

பார்ட்ஸ் பக்கம் ஒண்டு சொல்லவேணும். கோட் நம்பர் போடேக்கை சைசை விடாதேங்கோ. கிராங் அரைச்சு வந்தால் பெயரிங் ஸ்ரான்டட் சரிவராது, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் அண்டர்சைஸ் வேணும். ரிங், பிஸ்டன் அதே மாதிரி ஓவர்சைஸ். ‘மெயின் பெயரிங், 6 இருக்கு’ எண்டு கொம்பியூட்டர் சொல்லும், போய்ப் பாத்தால் ஆறும் 0.50 ஆ இருக்கும். சைசுக்கு ஒரு கோட், ஒறிஜினல் பார்ட்டுக்கும் அதைப் பாத்துச் செய்த கொப்பிப் பார்ட்டுக்கும் வேற கோட். கூடத்தான் வேலை, ஆனால் ஒருக்காத்தானே.

மற்றது ஒயில். 20 லீற்றர் வாளியா வாங்கி லீற்றரா ஊத்துறம். வாளியை ‘1’ எண்டு ஏத்தி 2.5 லீற்றர் கழிச்சால் கணக்கு மைனசில போகும். வாங்கேக்கையே 20 எண்டு லீற்றரில ஏத்துங்கோ, விலையையும் லீற்றருக்குப் பிரிச்சு. தசமம் ஏத்துக்கொள்ளாத சொப்ட்வெயார் எண்டால் அதோட அதை விடுங்கோ. கிறீஸ், வெல்டிங் கூர், எமரிக் கடதாசி, கழுவிற டீசல் இதுகளை ஜொப்புக்கு ஜொப் எழுத நிண்டால் பெடியள் ரண்டாம் நாளே விட்டிடுவாங்கள். ஒவ்வொரு பில்லிலயும் ‘சில்லறைப் பொருள்’ எண்டு ஒரு வரி, கூலியில இத்தனை வீதம் எண்டு. மாதம் முடிய வாங்கின செலவையும் அந்த வரியில வந்த காசையும் ஒப்பிட்டு வீதத்தை மாத்தலாம்.

லேத் வேலைக்கு அவையின்ர பில்லை மட்டும் ஏத்தினால் காணாது. பஸ்ஸில போட்டு அனுப்பிற காசு, எடுக்கப் போற பெற்றோல், இதுகளும் அந்த ஜொப் நம்பரில ஏறவேணும். கராச்சில காசு ஒழுகிற இடம் இதுதான், பார்ட்ஸ் களவில்லை.

கூலிக்கணக்கு_மாங்குளம்

கூலியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, கேள்வியில அதுதான் கஷ்டமானது.

வன்னியில வேலைக்குத்தான் விலை பேசிறது: ரிங் மாத்த இவ்வளவு, கிளச் பிளேற் மாத்த இவ்வளவு. பில்லில அதை மாத்தத் தேவையில்லை. ஆனால் உள்ளுக்கு நேரத்தை எழுதவேணும், இல்லாட்டி எந்த வேலையில நட்டம் எண்டு தெரியாது. ஜொப் காட்டில தொடங்கின நேரம், நிப்பாட்டின நேரம், மெக்கானிக்கின்ர பேர். கால் மணித்தியாலக் கணக்குப் போதும். பார்ட் வரும்வரைக்கும் காத்திருந்தால் அதை ‘காத்திருப்பு’ எண்டு வேறயா எழுதவேணும், வேலை நேரத்தில சேர்க்கக்கூடாது.

ஒரு மணித்தியாலம் உங்களுக்கு என்ன விலை? உதாரணக் கணக்கு ஒண்டு போடுறன், உங்கட தொகையைப் போட்டு மாத்துங்கோ. மெக்கானிக்குக்கு மாதம் 70,000 ரூபா. முதலாளி பங்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், மொத்தம் 10,500. ஆக 80,500. (சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம் அவற்ற சம்பளத்தில கழியிறது, உங்கட செலவில்லை.) 25 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம், 200 மணித்தியாலம். இதில மிசினில கை வைக்கிற நேரம் 60 வீதம் எண்டால் 120. 80,500 ஐ 120 ஆல பிரிச்சால் ஏறத்தாழ 671 ரூபா. வாடகை, கரண்ட், கையாளின்ர சம்பளம் எல்லாம் மாதம் 90,000 எண்டு வைச்சால், மூண்டு பேற்ற 360 மணித்தியாலத்துக்குப் பிரிக்க 250. ஆக 921 ரூபா அடக்கவிலை. நாலு மணித்தியாலம் எடுக்கிற வேலைக்கு 3,500 வாங்கினால் 184 ரூபா கையால போகுது. 200 ஆல பிரிச்சுப் பாக்கிற ஆக்களுக்கு இது லாபமாத் தெரியும்.

கூலியில பங்கு குடுக்கிற முறை எண்டால், பில்லின்ர ஒவ்வொரு கூலி வரியிலயும் ஆர் செய்தது எண்டு பதிய இடம் இருக்கவேணும். ஒரு மிசினில ரண்டு பேர் வேலை செய்தால் ரண்டு வரி. பில்லுக்கு ஒரு பேர்தான் எண்டு வைக்கிற சொப்ட்வெயார் மாதக் கடைசியில சண்டையைத்தான் கொண்டுவரும்.

சிறுபோகம்87

இவ்வளவும் வேணுமா? மூண்டு மெக்கானிக்குக்கு எக்செல் காணும். ஒரு தாளில ஜொப், ஒரு தாளில ஜொப் நம்பரோட பார்ட்ஸ் வரிகள், ஒரு தாளில கூலி, ஒரு தாளில வரவு. ஜொப் நம்பர்படி கூட்டிறதுக்கு சம்இஃப் (SUMIF) எண்ட எக்செல் சூத்திரம். செலவு சதம் இல்லை.

கணக்கர்_வவுனியா

சிறுபோகம் சொல்லிறதும் பிழையில்லை. கடன் சின்னன், கணக்குப் பாக்கிறது ஒராள் எண்டால் அது ஓடும். பிரச்சினை என்னெண்டால், பழைய வரியை ஆராவது அழிச்சாலோ மாத்தினாலோ எக்செல் சத்தம் போடாது. கணக்கு மென்பொருளில ஆர் எப்ப மாத்தினது எண்டு பதிவு இருக்கும். இவருக்கு முன்பக்கம் பார்ட்ஸ் கடையும் இருக்கு, அங்க நிக்கிற ஆள் வேற. ஆனால் மனேஜரோ எதுவோ எடுக்க முன்னம் ஒரு மாதம் அந்த நாலு தாள் எக்செல்ல ஓடிப் பாக்கிறது நல்லது. ஜொப் நம்பர் போடிற பழக்கம் வராட்டி எந்தச் சொப்ட்வெயாரும் உதவாது.

நெற்_முல்லை

கருவிப் பக்கம் சுருக்கமா.

பாமினி எண்ட பழைய எழுத்துருவில ரைப் பண்ணாதேங்கோ. அது எழுத்துருதான் தமிழ், உள்ளுக்குக் கிடக்கிறது ஆங்கில எழுத்து. வேற கொம்பியூட்டரில திறந்தால் குப்பையாத் தெரியும், வட்ஸ்அப்பில பில் அனுப்பினாலும் அதே கதி. யுனிக்கோட் விசைப்பலகை மட்டும்.

80 மில்லிமீற்றர் தெர்மல் பிறின்டருக்கு நேரா எழுத்தா அனுப்பினால் பெரும்பாலும் தமிழ் வராது, கேள்விக்குறியா அடிக்கும். விண்டோஸ் டிரைவர் வழியாப் படமா அனுப்பிற சொப்ட்வெயார் எண்டால் வரும். வாங்க முன்னம் தமிழ் பேரோட ஒரு பில் அடிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. தெர்மல் கடதாசி வெயிலுக்கு மங்கிப்போம், அறுவடை வரைக்கும் வைச்சிருக்கவேண்டிய கடன் பில்லுக்கு அது சரியில்லை. ரண்டு தாள் கார்பன் கடதாசியோட டொற் மற்றிக்ஸ், இல்லாட்டி ஏ5 லேசர்.

மேசைக் கொம்பியூட்டரை விட லப்ரொப் நல்லது, பற்றறிதான் யூபிஎஸ். பக்கப் ஒவ்வொரு பின்னேரமும் பென்ட்ரைவுக்கு, கிழமைக்கு ஒருக்கா போன் டேற்றாவில கூகுள் டிரைவுக்கு. மாதத்தில ஒருநாள் அந்தப் பக்கப்பை வேற கொம்பியூட்டரில திறந்து பாக்கவேணும். திறந்து பாக்காத பக்கப்பை நம்பேலாது.

ஏ9_கராச்

நன்றி எல்லாருக்கும். பொஸ்காரரிட்ட என்ன சோதிச்சுப் பாக்கிறது? வற் (பெறுமதி சேர் வரி) பற்றியும் கேக்கினம்.

கணக்கர்_வவுனியா

டெமோவில அவை வைச்சிருக்கிற சாமானை விடுங்கோ. உங்கட கொப்பியில இருந்து சிக்கலான அஞ்சு பில்லை எடுத்துக்கொண்டு போய், அவையை ஏத்திக் காட்டச் சொல்லுங்கோ. ஒண்டு, வாடிக்கையாளர் தானே பார்ட் வாங்கிக் கொண்டுவந்து கூலி மட்டும் குடுத்தது. ரண்டு, எடுத்த பெயரிங் சைஸ் பிழைச்சு ராக்கைக்குத் திரும்பினது. மூண்டு, லேத்துக்குப் போய்வந்தது. நாலு, அட்வான்ஸ் 10,000 வாங்கி மிச்சம் பாதி காசு, பாதி அறுவடைக் கடன். அஞ்சு, அதே பிழையோட திரும்பி வந்து கூலி வாங்காமல் செய்து குடுத்தது. அஞ்சாவதில பார்ட் செலவும் நேரமும் பழைய ஜொப்பின்ர லாபத்தில கழியவேணும், ‘பூச்சிய பில்’ எண்டு மறைஞ்சுபோகக்கூடாது. அஞ்சில மூண்டு சரிவந்தால் யோசிக்கலாம். ரண்டாவதும் நாலாவதும் பிழைச்சால் மற்ற மூண்டும் சரிவந்தும் பிரயோசனமில்லை. கட்டணம் நிப்பாட்டினால் உங்கட தரவை எக்செல்லா எடுக்கேலுமோ எண்டதையும் எழுத்தில வாங்குங்கோ.

வற் 2024 தை முதலாம் திகதியில இருந்து 18 வீதம். வற்றுக்குப் பதிவு செய்யாத ஆள் பில்லில வற் போடக்கூடாது, அதால சொப்ட்வெயாரில வரியைப் பூச்சியத்தில விடுங்கோ. பார்ட்ஸ் வாங்கேக்கை நீங்கள் கட்டின வற்றைப் பார்ட்டின்ர அடக்கவிலையோட சேர்த்து ஏத்தவேணும். சிலர் அதைப் புறம்பா எழுதிவிட்டு லாபம் கூட எண்டு நினைக்கினம்.

தொடங்கிறதுக்கு சித்திரை வருசம் முடிஞ்ச கிழமை பாருங்கோ. அறுவடைக் கடன் கனக்க அடைஞ்சிருக்கும், ஏத்தவேண்டிய பழைய பாக்கி குறைவு. அதுக்கு முந்தின ஞாயிறு ராக்கையை எண்ணி முடியுங்கோ. ஒராள் எண்ண, மற்றாள் எழுத, பிறகு இடம் மாறி விலை கூடின சாமானை மட்டும் ரண்டாந்தரம்.