படத்தில் ஒன்று, நேரில் வேறு: பயணியின் தவறா, படத்தின் தவறா?

திசைகாட்டி:
சுற்றுலா போய் ஏமாந்து வருகிறவர்களிடம் "விசாரித்துவிட்டுப் போயிருக்கலாமே" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாலித் தீவின் லெம்புயாங் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் பிளந்த வாசல், நடுவே அகுங் எரிமலை, கீழே அதன் பிம்பம் விழும் ஏரி. அங்கே ஏரியே கிடையாது, வெறும் தரைதான். செல்போன் லென்ஸின் அடி விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கை வசத்தில் பிடிப்பார்கள். வாசலும் வானமும் படத்தின் கீழ்ப்பாதியில் தலைகீழாக விழும், அவ்வளவுதான். எண் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்ற பிறகே பலருக்கு இது தெரிகிறது. மேகம் இறங்கிவிட்டால் எரிமலையும் இல்லை. இதில் பயணி செய்த தவறு என்ன?

பருவக்காற்று:
லெம்புயாங் விஷயத்தில் மறுப்பில்லை, அது ஏமாற்றுதான். ஆனால் அந்த ஒரு படியால் எல்லா இடத்தையும் அளக்காதீர்கள். பெரும்பாலான ஏமாற்றத்துக்குக் காரணம் போகிற மாதம். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் இருக்கும் விக்டோரியா அருவி 1,700 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். அங்கே மழைக்காலம் நவம்பரில் தொடங்கும். மழை வந்துவிட்டதே, அருவி நிறைந்திருக்கும் என்று டிசம்பரில் கிளம்பிவிடுகிறார்கள். ஜாம்பேசி ஆற்றின் பெருவெள்ளம் அருவியைச் சுற்றிப் பெய்யும் மழையால் வருவதில்லை. வெகு தொலைவில் அங்கோலாவிலும் மேற்கு ஜாம்பியாவிலும் பெய்த நீர், வழியில் பரோட்சே சமவெளியில் பரந்து தேங்கி, மெல்ல வடிந்து வருகிறது. அதனால் உள்ளூரில் மழை ஓய்ந்த பிறகு, ஏப்ரல் வாக்கில்தான் உச்சம். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி காய்ந்த கரும்பாறை. அந்த மாதங்களில் போகிறவர் ஜிம்பாப்வே பக்கம் போக வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் விழுவது அங்கேதான்.

திசைகாட்டி:
சரி, ஏப்ரலில் போனால் என்ன ஆகிறது? சாரல் திரண்டு எழுந்து அருவியையே மறைத்துவிடுகிறது. எதிர்ப்பாதையில் நிற்பவருக்குத் தெரிவது வெள்ளைப் புகைதான். மழைக்கோட்டு போட்டாலும் தொப்பலாக நனைவார். கேமராவுக்கு உறை இல்லையென்றால் அதுவும் போச்சு. என் குற்றச்சாட்டு இதுதான்: ஒரே விளம்பரத்தில் நிறைந்த அருவியும் இருக்கிறது, அருவி விளிம்பில் உட்கார்ந்து குளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த டெவில்ஸ் பூல் நீர் வற்றிய மாதங்களில் மட்டும் திறப்பது. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்கவே கிடைக்காது. விற்பவருக்கு இது தெரியாதா?

பருவக்காற்று:
தெரியும். அந்த இடத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் ஜூன், ஜூலை என்று ஒரு நடுப்பருவம் இருக்கிறதே. சாரல் தணிந்திருக்கும், நீரும் போதுமான அளவு விழும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பயணியின் வேலை.

முக்காலி:
புகைப்படக்காரர்கள் சார்பில் ஒரு வார்த்தை. துருவ ஒளியைப் பார்க்கப் போனவர் "சாம்பல் மேகம் மாதிரி இருந்தது, படத்தில் மட்டும் பச்சை" என்று குறைப்படுகிறார். படம் பொய்யல்ல. இருட்டில் நம் கண் நம்புவது குச்சி செல்களை. அவற்றால் நிறம் பிரிக்க முடியாது. கேமரா ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600இல், அகலத் திறந்த லென்ஸோடு, 5 முதல் 15 விநாடி வரை ஒளியைச் சேர்க்கிறது. அந்தப் பச்சை ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வது, நிஜமானது. ஒளி பலமாக வீசும் இரவில் வெறும் கண்ணுக்கும் பச்சை தெரியும். போகிறவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். துருவ ஒளி எவ்வளவு பலமாக வரலாம் என்று காட்டும் கேபி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மேகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். துருவ ஒளி 100 கிலோமீட்டருக்கு மேலே, மேகம் அதற்கு வெகு கீழே. வானம் மூடியிருந்தால் எண் எவ்வளவு உயர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. நார்வேயின் டுரோம்சோவில் ஜூனில் போய் நிற்பவருக்கு இருட்டே கிடையாது. குறைந்தது 4, 5 இரவு ஒதுக்க வேண்டும். இன்னொன்று, கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பளிச்சென்று திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

திசைகாட்டி:
அருமையான விளக்கம். இதில் ஒரு வரியாவது அந்தப் படங்களுக்குக் கீழே இருக்கிறதா? "10 விநாடி எக்ஸ்போஷர்" என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்?

கல்தூண்:
மாதமும் எக்ஸ்போஷரும் எல்லாவற்றையும் தீர்க்காது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா 77க்கு 53 சென்டிமீட்டர். முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி, அதற்கும் முன்னால் தடுப்பு, கூட்டம். அளவு எல்லோருக்கும் கிடைக்கிற தகவல்தான், ஆனாலும் ஏமாற்றம் குறைவதில்லை. தனியாக எடுத்த படத்தில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதில்லை, அதனால் கண் தானாகப் பெரிதாக்கிக்கொள்கிறது. எதிர்ச்சுவரில் வெரோனீஸின் கானா ஊர்த் திருமண ஓவியம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

பருவக்காற்று:
மறுபடி திசைகாட்டியிடம் வருகிறேன். பொலிவியாவின் உயுனி உப்புவெளியிலும் இதே கதை. வானம் தரையில் தெரிய, உப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் வேண்டும், காற்றும் அடங்கியிருக்க வேண்டும். அது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. மே முதல் அக்டோபர் வரை தரையில் அறுகோணப் பாளங்கள்தான். கள்ளிச்செடிகள் நிற்கும் இன்காவாசி மேட்டுக்கு, நீர் அதிகமானால் வண்டி போகாது. ஆக, பிம்பமும் கள்ளியும் ஒரே விளம்பரத்தில் இருந்தால், பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் வரும் வாரத்தில், போன ஆண்டு எடுத்த படம் இருக்கிறதா?"

திசைகாட்டி:
கேட்கலாம். பதில் வராவிட்டால் அந்த ஏஜென்சியை விட்டுவிடலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடல்மட்டத்திலிருந்து 3,650 மீட்டர் உயரம், முதல் இரண்டு நாள் தலைவலியும் மூச்சுத் திணறலும் வரலாம் என்பதையும் சொல்லுங்கள். அதையும் எந்தப் படமும் காட்டுவதில்லை.